அல்காரிதம் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் எதற்கு? சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: பாம்பன்காரி

அனைவருக்கும் வணக்கம். நான் பாம்பனைச் சேர்ந்தவள். மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியில் இளநிலைக் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற பருவத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர், பாடத்திட்டத்தில் இல்லாத போதிலும், ஒரு வகுப்பு முழுவதையும் கணக்கீட்டுச் சிக்கல்தன்மை என்ற துறைக்கு ஒதுக்கினார். எந்தக் கணக்கை எந்தப் படிப்படியான வழிமுறையால், அதாவது அல்காரிதத்தால், எவ்வளவு விரைவாகத் தீர்க்கலாம், எதை எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் விரைவாகத் தீர்க்க இயலாது என்று ஆராய்வதே அந்தத் துறையின் வேலை என்றும், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்திலும் இதில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அன்று முதல் எனக்கு அந்தப் பக்கமே மனம் போகிறது. மேற்படிப்புக்கு அங்கே முயல விரும்புவதாக வீட்டில் சொன்னேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாதான் விடவில்லை. அவர் விசைப்படகு ஒன்றில் பங்கு வைத்திருப்பவர், விவரம் தெரிந்தவர், என்னைப் படிக்கக் கூடாது என்று சொல்பவர் அல்லர். அவருடைய கேள்வி இதுதான்: மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாட்கள் படகு கரையில் நிற்கும்போது ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிற அரசு, பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாதாமாதம் பணம் தருவது எந்தக் கணக்கில் சேரும்? கண்டுபிடிக்கிறவனுக்குக் கொடுக்கட்டும், முடியாது என்று சொல்கிறவனுக்கு எதற்கு? "இந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) மீன் இல்லை என்று நிரூபித்துக் காட்டுகிறவனுக்கும் சம்பளமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்கே பதில் தெரியவில்லை. இன்று எல்லாமே கணினிதான், ஆகவே ஆராய்ச்சி அவசியம் என்ற பொதுப்பதில் அவரிடம் எடுபடாது. அவர் கையில் புழங்கும் பொருளிலிருந்து தொடங்கி, இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார், அதனால் விளைந்தது என்ன என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தால் விரிவாக எழுதுங்கள். எதிர்க்கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.

பதில்: மண்டபம் ஓய்வூதியர்

மகளே, நான் தொலைத்தொடர்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உன் சித்தப்பாவின் படகில் வாக்கி டாக்கி இருக்கும் அல்லவா? அதை வைத்தே பேசுவோம்.

இரவில் படகுகள் கரை திரும்பும் நேரத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பேசுகிறவருக்கு அந்த நேரத்தில் காது அடைபட்டுவிடும், ஆகவே மற்றவரும் பேசுகிறார் என்பதே தெரியாது. இருவரும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது படகுக்கு வெறும் இரைச்சல் வரும், அல்லது பக்கத்தில் இருப்பவரின் குரல் மட்டும் வந்து தூரத்துக்காரரின் குரல் அமுங்கிப்போகும். பதில் வராததால் இருவரும் சற்றுப் பொறுத்துவிட்டு மறுபடி பேசுவார்கள். இருவரும் ஒரே அளவு பொறுத்திருந்தால் மறுபடியும் முட்டிக்கொள்வார்கள்.

இதே சிக்கல் 1970ஆம் ஆண்டு வாக்கில் ஹவாய்த் தீவுகளில் இருந்தது. அங்கே பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் ஓவாஹு தீவில், கிளைகள் மற்றத் தீவுகளில். எல்லா இடத்திலிருந்தும் தலைமையிடத்துக் கணினியைப் பயன்படுத்த வேண்டும், ஆனால் தொலைபேசிக் கம்பி அதற்குத் தோதாக இல்லை. நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் வானொலி அலை வழியாகக் கணினிகளைப் பேசவைத்தார்கள். அலோஹாநெட் என்ற அந்த வலையமைப்பு 1971 ஜூனில் இயங்கத் தொடங்கியது. பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா என்ற ஆராய்ச்சி முகமை. அவர்கள் வைத்த விதி மிக எளியது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் செய்தியை அனுப்பலாம். கிடைத்தது என்று தலைமையிடம் பதில் சொல்லும். பதில் வராவிட்டால், ஒவ்வொரு நிலையமும் தனக்குத்தானே தற்செயலாக எடுத்துக்கொண்ட ஒரு கால அளவு பொறுத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். அந்தத் தற்செயல்தான் உயிர்நாடி. எல்லோரும் ஒரே ஒழுங்கில் நடந்தால் முட்டல் தீராது.

இங்கேதான் உன் சித்தப்பாவின் கேள்விக்குரிய இடம் வருகிறது. விதியை வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை, இந்த விதியால் எவ்வளவுதான் முடியும் என்றும் கணக்குப் போட்டார்கள். அவரவர் விருப்பப்படி அனுப்பினால், மொத்த நேரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் மட்டுமே முட்டல் இல்லாத பயனுள்ள பேச்சாக இருக்க முடியும். அதற்கு மேல் ஏற்ற முயன்றால் பயன் கூடாது, குறையும், ஏனென்றால் மறுபடி அனுப்பும் செய்திகளே புது முட்டல்களை உண்டாக்கும். எல்லோரும் ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, குறித்த கணத்தின் தொடக்கத்தில் மட்டும்தான் அனுப்பலாம் என்று விதியைச் சற்றே மாற்றினால் அது ஏறத்தாழ 37 சதவீதமாகும், அதாவது இரண்டு மடங்கு. ஒரு செய்தியின் வால் இன்னொன்றின் தலையில் இடிப்பது நின்றுவிடுவதால், முட்டல் நேரக்கூடிய கால அளவு பாதியாகிவிடும் என்பதுதான் காரணம்.

முடியாது என்பதற்கு ஒரு கணக்கு கிடைத்தால் என்ன லாபம் என்று இப்போது பார். அந்த எல்லை தெரியாதவன், பேச்சு கேட்கவில்லை என்று இன்னும் சக்தி வாய்ந்த கருவியை வாங்குவான். எல்லோரும் வாங்குவார்கள், இரைச்சல்தான் கூடும். எல்லை தெரிந்தவன் கருவியை விட்டுவிட்டு விதியை மாற்றுவான். இந்தப் பாரில் மீன் இல்லை என்று ஒருவன் உறுதியாகச் சொல்வானானால், அது எத்தனை லிட்டர் டீசல் மிச்சம் என்று உன் சித்தப்பாவுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆப்ராம்சன் இதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்த பாப் மெட்காஃப் என்ற மாணவர் அதைத் தம் ஆர்வர்டு முனைவர் பட்ட ஆய்வில் சேர்த்து அலசினார். 1973இல் சிராக்ஸ் நிறுவனத்தில் ஈதர்நெட் என்ற கம்பி வலையமைப்பை உருவாக்கியபோது அலோஹாவின் விதியைத் திருத்திப் பயன்படுத்தினார். இன்று நம் கைப்பேசி, கோபுரத்திடம் எனக்கும் ஓர் இடம் கொடு என்று முதன்முதலில் கேட்கும் முறையும் அந்த வழியில் வந்ததுதான்.

ஒரு சிறு இடைச்செருகல். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்தவர்கள் யாரும் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒருவர் வலையை மற்றவர் அறுக்காமல் இருக்க நேரத்தைப் பங்கு போடுவதே வழி என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள். அவர்கள் கண்டது இந்தக் கடலுக்கு மட்டும் பொருந்தியது. ஆப்ராம்சன் எழுதி வைத்தது எந்தக் கடலுக்கும் பொருந்துகிறது. எழுதி வைக்கத்தான் பணம் வேண்டியிருக்கிறது.

பதில்: கீழக்கரைக் காக்கா

தங்கச்சி, ஓய்வூதியர் ஐயா வலையமைப்பைப் பற்றி எழுதிவிட்டார், நான் கடினம் என்ற சொல்லைப் பற்றி எழுதுகிறேன். நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். என் மாமா நண்டு வாங்கி அனுப்பும் தொழில் செய்கிறார். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி, மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், ஏர்வாடி என்று அவருடைய வேன் ஐஸ் பெட்டிகளோடு சுற்றி வர வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விற்பனையாளர் வந்து, எத்தனை ஊர் கொடுத்தாலும், எந்தெந்த நேரத்துக்குள் எங்கே போக வேண்டும் என்று கொடுத்தாலும், இரண்டு நொடியில் மிகச் சிறந்த வழியைத் தங்கள் செயலி காட்டும், அதைவிடக் குறைந்த வழி இருக்கவே முடியாது என்று எழுத்து மூலமாகவே உறுதி கொடுத்தார். மாமா ஆண்டுச் சந்தா கட்டினார். இரண்டாவது மாதமே ஓட்டுநர் தன் மனக்கணக்கில் போட்ட வழி அதைவிடப் பத்துக் கிலோமீட்டர் குறைவாக இருந்தது. பணம் திரும்பி வரவில்லை.

இதில் என்னை உறுத்தியது, அந்த உறுதிமொழியே சந்தேகத்துக்குரியது என்று கட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்பதுதான். பன்னிரண்டு ஊர்களுக்குப் போய்வரும் வரிசைகள் 47,90,01,600. இதைக் கணினி பார்த்துவிடும். இருபது ஊர்கள் என்றால், நொடிக்கு 100 கோடி வரிசைகளைச் சோதித்தாலும் 77 ஆண்டுகள் ஆகும். இருபத்தைந்து என்றால் ஏறத்தாழ 49 கோடி ஆண்டுகள். இதை விற்பனையாளன் வலம் வரும் கணக்கு என்பார்கள். எல்லா நேரத்திலும் மிகச் சிறந்த விடையை விரைவாகத் தரும் முறையை இதுவரை யாரும் கண்டதில்லை. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் குக் 1971இலும், அமெரிக்காவின் பெர்க்லியில் ரிச்சர்டு கார்ப் 1972இலும் எழுதிய கட்டுரைகளிலிருந்து, இதுபோன்ற பல கணக்குகள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை, ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும் என்பது தெரியவந்தது. கார்ப் அத்தகைய 21 கணக்குகளைக் காட்டினார். இரண்டு பல்கலைக்கழகங்களும் மக்கள் வரிப்பணம் பெறுபவை.

ஆனால் இராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்கு மிகக் குறுகிய வழி எது என்ற கேள்வி, பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும், மிக எளியது. அதை டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956இல், ஆம்ஸ்டர்டாமில் அரசு ஆதரவில் நடந்த கணித மையத்தில் வேலை பார்த்தபோது, தாம் மணக்கவிருந்த பெண்ணோடு கடைவீதிக்குப் போய்க் களைத்து உட்கார்ந்த காப்பிக் கடையில் 20 நிமிடத்தில் யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். மையம் புதிதாகக் கட்டிய ஆர்மாக் கணினியைப் பொதுமக்களுக்குக் காட்ட ஒரு வேடிக்கைக் கணக்கு தேவைப்பட்டது, 64 ஊர்கள் கொண்ட நெதர்லாந்து வரைபடத்தை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். 1959இல்தான் அச்சிட்டார். இணையத்தில் செய்திப் பொட்டலங்களுக்கு வழிகாட்டும் கருவிகள் பல இன்றும் அந்த முறையைப் பயன்படுத்துகின்றன.

குறுகிய வழி எளிது, சுற்றி வருவது கடினம். எளியதற்கும் கடினமானதற்கும் நடுவில் இருக்கும் வரப்பு கண்ணுக்குத் தெரியாது. அந்த வரப்பைக் குறிப்பதே நீங்கள் படிக்க விரும்பும் துறை. அது தெரிந்தவர், மிகச் சிறந்த வழி என்று விற்பவரிடம், "மிகச் சிறந்த வழியை விடுங்கள், அதைவிட எத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உறுதி தருவீர்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை உண்டு. தொலைவுகள் வழக்கமான முறையில் அமைந்திருந்தால், சிறந்த வழியைப் போல் ஒன்றரை மடங்குக்கு மிகாத வழியை விரைவாகக் கண்டுபிடிக்கலாம் என்று 1976இல் கிறிஸ்டோஃபைடிஸ் காட்டினார். அந்த ஒன்றரையைக் குறைக்க 44 ஆண்டுகள் யாராலும் முடியவில்லை. 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் குறைத்தார்கள். எவ்வளவு என்றால், புள்ளி வைத்து 35 சுழியம் போட்டு அதன் பிறகு ஒன்று. இதை மட்டும் உங்கள் சித்தப்பாவிடம் சொல்லாதீர்கள். துறையில் உள்ளவர்களுக்கு அது பெரிய செய்தி, ஏனென்றால் சுவரில் முதல் விரிசல் விழுந்தது. அவருக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

இன்னொன்று. கடினம் என்பதே சரக்காகவும் இருக்கிறது. ஏலத்தில் மீன் எடுத்துக் கைப்பேசியில் பணம் அனுப்புகிறோமே, அத்தகைய பரிமாற்றங்களைக் காக்கும் பூட்டுகளில் பழையது ஆர்எஸ்ஏ. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்குத்தொகையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கேட்டால் கண்டுபிடிப்பது கடினம் என்பதே அதன் சாவி. 1977இல் அதை வகுத்த மூவரும் தம் கட்டுரையில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கும் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்துக்கும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். பகுப்பது உண்மையிலேயே கடினம்தான் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்பது வேறு. யாரோ ஒருவர் அந்தக் கதவருகே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அணுத்துகள்களின் விதிகளைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கணினி பெரிதாக வந்தால் இந்தப் பூட்டு திறந்துகொள்ளும் என்பது 1994இலேயே தெரிந்துவிட்டதால், மாற்றுப் பூட்டுகளுக்கான தரங்களை அமெரிக்க அரசின் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. பூட்டுக்கடைக்காரரே பூட்டைச் சோதித்துச் சான்று கொடுத்துக்கொள்வது சரிப்படாது என்பதால்தான் இதற்கு அரசுப் பணம் வேண்டும் என்பேன்.

பதில்: தொண்டித் துறை

மேலே எழுதிய இருவருக்கும் மரியாதை உண்டு, ஆனாலும் இதைக் கோயில் வரலாறு போலச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அலோஹாநெட்டுக்குப் பணம் கொடுத்தது ராணுவம். 1969இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்குக் கொடுத்ததும் அதே முகமை. அவர்கள் அறிவை வளர்க்க வேண்டும் என்று கொடுக்கவில்லை. விளைச்சலை அறுத்தவர்கள் யார் என்றும் பாருங்கள். கூகுளின் தொடக்கமான தேடல் ஆராய்ச்சி, ஸ்டான்போர்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்த மின்னூலகத் திட்டத்தின் நிழலில் நடந்தது. காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது, அதற்கு ஈடாகப் பெற்ற பங்குகளை விற்று அந்தப் பல்கலைக்கழகம் 33 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. நிறுவனம் ஈட்டியதற்குக் கணக்கே இல்லை. வரி கட்டியவனுக்கு விளம்பரம்தான் கிடைத்தது. வலை போட்டது ஊர், மீனை அள்ளியது படகு முதலாளியான சம்மாட்டி.

தனியார் இதைச் செய்யமாட்டார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. நம் நாட்டவரான நரேந்திர கர்மார்க்கர் 1984இல் நேரியல் திட்டமிடலுக்கு, அதாவது இருக்கிற வரம்புகளுக்குள் மிகச் சிறந்த ஒதுக்கீட்டைக் காணும் கணக்குக்கு, புதிய விரைவான முறையைக் கண்டது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், அதாவது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பணத்தில். ஆக, சித்தப்பா கேட்பது நியாயமான கேள்வி. நம் நாடு மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தைத்தான் எல்லா வகை ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிடுகிறது என்று 2020-21 கணக்கு சொல்கிறது. இவ்வளவு சிறிய பாத்திரத்திலிருந்து அகப்பை போடும்போது, கடலோரத்துக்கு நேரடியாகப் பயன்படுவதற்கு முதலில் போட வேண்டாமா? ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் மீன் கிடைக்கக்கூடிய இடங்களைச் சொல்லி அனுப்புகிறதே, அதுபோன்றதற்கு.

பதில்: சாயல்குடி ஆய்வு மாணவி

நான் சென்னையில் அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு நிறுவனத்தில் இந்தத் துறையிலேயே ஆய்வு செய்பவள், எனவே என் பேச்சைச் சொந்த வீட்டுக்காரியின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். காக்கா எழுதியதைப் படித்தால் இருபத்தைந்து ஊர்க் கணக்கைத் தீர்க்கவே முடியாது என்று தோன்றும். அப்படியில்லை. எல்லா வரிசைகளையும் எண்ணிப் பார்த்தால்தான் 49 கோடி ஆண்டுகள், யாரும் அப்படி எண்ணுவதில்லை. 1954இலேயே டான்ட்சிக், ஃபல்கர்சன், ஜான்சன் மூவரும் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கான மிகச் சிறந்த சுற்றுவழியைக் கண்டு, அதைவிடக் குறைவு இல்லை என்றும் நிரூபித்தார்கள். 2006இல் 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு கணக்கும் தீர்க்கப்பட்டது. கடினம் என்றால், எந்தக் கணக்கு வந்தாலும் விரைவில் தீரும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க இதுவரை யாருக்கும் வழி தெரியாது என்றுதான் பொருள். அந்த விற்பனையாளரின் பிழை சிறந்த வழியைக் காட்டுவேன் என்றதில் இல்லை, எப்போதும் இரண்டே நொடியில் என்றதில் இருக்கிறது.

தொண்டி அண்ணன் சொன்ன ராணுவ விஷயம் உண்மைதான், அதில் ஒரு கதையை நானே சேர்க்கிறேன். 1955இல் ஹாரிஸ், ராஸ் என்ற இருவர் அமெரிக்க விமானப்படைக்காக ஒரு ரகசிய அறிக்கை எழுதினார்கள். சோவியத் ரயில் பாதைகளின் வழியாகக் கிழக்கு ஐரோப்பாவுக்கு எவ்வளவு சரக்குப் போக முடியும், எந்தெந்த இடத்தில் துண்டித்தால் குறைந்த செலவில் முழுவதும் நிற்கும் என்பது கேள்வி. 1999 வரை அது வெளியில் வரவில்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த கணிதம் உடனே வெளியில் வந்துவிட்டது. ஒரு வலையமைப்பின் வழியே போகக்கூடிய மிக அதிகமான ஓட்டமும், அதைத் துண்டிக்கத் தேவையான மிகக் குறைந்த வெட்டும் சமம் என்று ஃபோர்டும் ஃபல்கர்சனும் 1956இல் அச்சிட்டார்கள்.

பாம்பன்காரிக்கு இதைப் புரியவைக்கப் படம் வரைய வேண்டியதில்லை. இராமேஸ்வரம் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவில் 1914இல் வந்த ரயில் பாலமும் 1988இல் வந்த சாலைப் பாலமும்தான் அந்த வெட்டு. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றபோது வெட்டின் அளவு சாலைப் பாலத்தளவுக்குச் சுருங்கியது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப்பாலம் திறக்கப்படும்வரை, தங்கச்சிமடத்தில் சாலையை எவ்வளவு அகலப்படுத்தியிருந்தாலும் இராமநாதபுரத்தில் எத்தனை நடைமேடை கட்டியிருந்தாலும், தீவிலிருந்து ஒரு நாளில் வெளியேறக்கூடிய சரக்கின் உச்ச அளவு கூடியிருக்காது. வைகைத் தண்ணீர் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேரும் வழியிலும் இதே கணக்குத்தான். எந்த மடையை அகலப்படுத்தினால் கடைக் கண்மாய்க்கு நீர் கூடும், எதை அகலப்படுத்தினால் வீண் செலவு என்று அந்தத் தேற்றம் சொல்லும். குண்டு போடுவதற்குக் கேட்ட கேள்விக்கு வந்த விடையை மடை திறப்பதற்கும் பயன்படுத்தலாம். கேட்டவர்களின் நோக்கம் விடையில் ஒட்டுவதில்லை, விடை எல்லோருக்கும் தெரியும்படி அச்சில் இருந்தால்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். கர்மார்க்கரின் முறைக்குப் பெல் நிறுவனம் காப்புரிமை வாங்கியது, கணிதத்துக்குக் காப்புரிமையா என்று அப்போது பெரும் சர்ச்சை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் 2002 ஆகஸ்டை வையுங்கள். கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் இளநிலைப் பட்டம் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும், ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை, தற்செயலை நம்பாமல், நிரூபிக்கப்படாத எதையும் அனுமானிக்காமல், விரைவாகத் தீர்மானிக்கலாம் என்று காட்டினார்கள். சில பக்கங்களே கொண்ட கட்டுரையை இணையத்தில் போட்டுவிட்டார்கள், உலகமே படித்தது. 2006இல் கணினி அறிவியல் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு கிடைத்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நடைமுறையில் யாரும் அந்த முறையைப் பயன்படுத்துவதில்லை, தற்செயலை நம்பும் பழைய முறைகளே அதைவிட வேகமானவை. ஆனால் பெரிய ஆய்வகமோ கப்பலோ ராக்கெட்டோ இல்லாமல், ஓர் ஆசிரியரின் சம்பளமும் இரண்டு மாணவர்களின் உதவித்தொகையும் மட்டுமே செலவாகி, நூற்றாண்டுகளாக நின்ற கேள்வி ஒன்று அடைபட்டது. தொண்டி அண்ணன் சொன்ன அகப்பையில் எங்கள் துறைக்கு விழுவது ஒரு பருக்கைதான். 2023இல் ஒப்புதல் பெற்ற தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 6,003 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கணினி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு மாத உதவித்தொகையும் ஒரு கரும்பலகையும் போதும்.

மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்லும் வேலைக்கு முதலில் பணம் கொடுங்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் செயற்கைக்கோளிலிருந்து வரும் கடல் வெப்பநிலையும் நிறமும் பிழையில்லாமல் தரைக்கு வந்து சேர்வதும், பெருங்கணினியில் ஓடும் கடலின் கணித மாதிரி விடிவதற்குள் முடிவதும், கைப்பேசிக்குச் செய்தி வருவதும் இந்தத் துறை இல்லாமல் நடக்காது. இரண்டையும் தனித்தனிப் பாத்திரமாக நான் பார்க்கவில்லை.

பாம்பன்காரிக்கு நடைமுறைச் செய்தி: முனைவர் பட்ட ஆய்வுக்கு நாம் பணம் கட்டுவதில்லை, நமக்குத்தான் தருகிறார்கள். மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை 2023 முதல் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. தரமணி நிறுவனம் மத்திய அணுசக்தித் துறையின் கீழ் இயங்குவது. சிறுசேரிக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, பழைய வினாத்தாள்கள் அவர்களுடைய தளத்திலேயே கிடைக்கும். இப்போதே எடுத்துப் போட்டுப் பாருங்கள், அதில் பாதி கணக்குகள் புரியவில்லை என்று பயப்பட வேண்டாம், எனக்கும் புரியவில்லை.

பதில்: பாம்பன்காரி

ஐயாவுக்கும் காக்காவுக்கும் தொண்டி அண்ணனுக்கும் சாயல்குடி அக்காவுக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தொண்டி அண்ணன் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பாலத்துக் கணக்கைக் கேட்டுவிட்டு, "இது எங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றால் எந்த மடையை அகலப்படுத்துவது என்று சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அவரை உண்மையில் பிடித்துக்கொண்டது வாக்கி டாக்கிதான். தன்னோடு சேர்ந்து போகும் மூன்று படகுக்காரர்களையும் உடனே அழைத்து, பேச்சு முட்டிக்கொண்டால் ஆளுக்கு ஓர் எண் வரை எண்ணிவிட்டுத்தான் மறுபடி பேச வேண்டும், எண் நான்கு படகுக்கும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். மற்றவர்களுக்கு நான்கு, ஏழு, பத்து. தன் படகுக்கு இரண்டு.

அப்படியானால் எப்போதும் உங்களுக்குத்தானே முதலில் பேச்சுக் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் தற்செயலாக ஓர் எண்ணை எடுக்க வேண்டும் என்றல்லவா ஓய்வூதியர் ஐயா எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். கடலில் நின்றுகொண்டு தற்செயலுக்கு எங்கே போவது என்று திருப்பிக் கேட்கிறார். தாயக்கட்டை கொடுத்து அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறார்கள், திரும்பி வந்ததும் மற்ற மூன்று படகுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன்.